நனைந்த குழியில் எடுத்த ரீடிங்

களக்காட்டுக்கு மேற்கே ஒரு வாழைத்தோட்டத்தில், தோட்டவேலை பார்த்த இசக்கிமுத்து மோட்டார் ரூமிலேயே செத்துப்போனார். ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டவர் கையை எடுக்கவே இல்லை. மின் ஆய்வாளர் வருவதற்குள் ‘ஒயரிங் சரிதான்’ என்று ஒரு டெஸ்டிங் ரிப்போர்ட் வாங்கிவிட வேண்டும் என்று தோட்ட முதலாளிக்கு அவசரம். ஒயரிங் டெஸ்ட் எடுக்கும் எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டார். என்னை அனுப்பினார்கள்.

“வாரும்வே,” என்றார் முதலாளி. “மோட்டாருல ஒரு கோளாறும் கெடையாது. அந்தப் பய குடிச்சிட்டு ஈரக் கையோட தொட்டிருக்கான். ஊருக்கே தெரியும். பாத்துட்டு எழுதிக் குடும், சோலி முடிஞ்சுது.”

எர்த் லூப் டெஸ்ட் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெட்டியில் கரண்ட் கசிந்தால் அது எர்த் வயர் வழியாக, அந்த வயரைப் புதைத்திருக்கும் குழிக்குப் போய், மண் வழியாக டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும். அந்தச் சுற்றில் தடை எவ்வளவு என்று மீட்டர் ஓமில் காட்டும். தடை குறைவென்றால் கரண்ட் குபீரென்று பாய்ந்து பியூஸ் போய்விடும், ஆள் பிழைப்பான். தடை அதிகமென்றால் பியூஸ் போகாது. பெட்டியில் சப்ளை அப்படியே நிற்கும், தொட்டவன் சாவான்.

மீட்டர் ஆறு ஓம் காட்டியது. நல்ல ரீடிங். அதுதான் எனக்கு உறுத்தியது. அந்தக் கோடையில், அந்தச் சரள் மண்ணில் ஆறு ஓம் எங்கிருந்து வரும்? ரூமுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எர்த் குழியைச் சுற்றி ஒரே சேறு. பக்கத்தில் உப்பு மூட்டை. ஒரு பெண் குடத்தைக் குழிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். மீட்டர் வருகிறது என்றால் குழியில் உப்பும் தண்ணீரும் கொட்டி ரீடிங்கை இறக்கிவிடுவார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. மீட்டர் போனபிறகு ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

“யாரும்மா ஊத்தச் சொன்னது?”

“மொதலாளிதான் அண்ணாச்சி. காலம்பற இருந்து ஊத்துதேன். ஆபீசர் வாறாகளாம், குழி குளுந்து கெடக்கணுமாம்.”

“நீ யாரு தாயி?”

“செத்துப்போனாகல்லா, அவுக பொஞ்சாதி. முப்பிடாதி.”

செத்தவன் மேல் பழியைப் போட, அவன் பெண்டாட்டி கையாலேயே தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறான் பாவி மனுஷன்.

“ஊத்தாத தாயி. இந்தத் தண்ணியாலதான் மீட்டர் நல்லதாக் காட்டுது. குழி காஞ்சு கெடந்திருந்தா அன்னைக்கு பியூஸ் போயிருக்காது. நீ ஊத்த ஊத்த உம்புருசன் மேலதான் பழி விழும்.”

அவள் குடத்தைப் பைய கீழே வைத்தாள். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

“ஏட்டி, என்ன நின்னுட்ட? ஊத்து!”

“ஊத்த மாட்டேன். இனி ஒரு சொட்டு விழாது. ஆபீசர் வாற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீரு டெஸ்ட் எடுக்க வந்தீரா, வம்பு மூட்ட வந்தீரா?”

“குழி காயாம நான் ஒரு வரி எழுத மாட்டேன் அண்ணாச்சி. அதுக்குள்ள மோட்டாரப் போட்டா இன்னொரு சாவு விழும்,” என்று பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வாழை கருகிப்போகும் என்று கத்தினார். கத்தட்டும் என்று வந்துவிட்டேன்.

குழி காய்ந்து வெடித்த பிறகுதான் ஆய்வாளர் வந்தார். முப்பிடாதி சொன்னபடியே காவல் இருந்திருக்கிறாள். நானும் திரும்பிப் போய், பியூஸ் கட்டையை மாட்டி, எல்லோர் முன்னாலும் மறுபடி டெஸ்ட் எடுத்தேன். நூற்று முப்பது ஓம்.

“மீட்டர் என்ன சொல்லுது அண்ணாச்சி?” என்றாள்.

“குடிச்சாலும் குடிக்காட்டாலும் அன்னைக்கு அந்தப் பெட்டியத் தொட்ட எவனும் பொழச்சிருக்க மாட்டான் தாயி. அவர் மேல தப்பு இல்ல.”

கொஞ்சமாவது ஆறுதல் படுவாள் என்று நினைத்தேன். அவளோ மாரில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள்.

“பொணத்தக் கெடத்தி வச்சுக்கிட்டு அவுகள வஞ்சேனே அண்ணாச்சி! குடிச்சே செத்தியே, பிள்ளைகளத் தெருவுல விட்டியேன்னு ஊரு கேக்க வஞ்சேனே! தப்பு ஒம்மேல இல்லன்னு இனி நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?”



இந்த வேலைக்குப் புதிதாக வந்த தம்பிகளா, மீட்டரை வெளியே எடுக்கும் முன்னால் குழியை மிதித்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், எவன் கத்தினாலும் சரி. குழியை மட்டும் நம்பாமல், கரண்ட் கசிந்ததுமே சப்ளையை வெட்டிவிடும் ஆர்சிசிபி மாட்டச் சொல்லி வற்புறுத்துங்கள். காய்ந்த குழியில் எடுப்பதுதான் ரீடிங். இசக்கிமுத்து உயிரோடு இருந்தவரை அதை யாரும் எடுக்கவில்லை.