மிளகுத் தராசில் ஏறிய ரைஃபிள்கள்

1989 பிப்ரவரி 11, சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. மாரமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்த மாதம். பனி விலகியதும் தார்ப்பாயை விரித்து மிளகைப் பரப்புவதும், கோழிகளை விரட்டுவதும் என் வேலை. அதற்கப்புறம்தான் காப்பி. அன்றைக்கும் அப்படியே நடந்தது.

பகலில் சேலத்திலிருந்து துப்பாக்கிக் கடைக்காரர் வருவதாக இருந்தது. தாத்தா இறந்ததோடு அவருடைய லைசென்ஸும் முடிந்துவிட்டதால், அவருடைய இரண்டு வேட்டை ரைஃபிள்களையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். வீடு தன் பங்குக்கு வந்ததே போதும் என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். மிச்சம் சித்தப்பாவும் அத்தையும். கணவரை இழந்து எங்களோடு இருந்த அத்தைக்கு ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் சின்னதாக ஒரு டீக்கடை போட ஆசை. அட்வான்ஸ் கொடுக்கத்தான் வழியில்லை. சித்தப்பாவின் ஆசை அதைவிட எளிமையானது. எது விலை கூடியதோ அது தனக்கு வர வேண்டும்.

கடைக்காரர் விலை சொன்ன பிறகு பிரித்தால் சண்டை வரும், அதனால் முன்கூட்டியே பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவரும் சித்தப்பாதான். அவர் எஸ்டேட்டில் மிளகு எடை போடும் ரைட்டர். கனமான மிளகுதான் நல்ல மிளகு, கனமில்லாதது பொக்கு என்பது அவருக்கு இருபது வருடத்துப் பாடம். வாசலில் தராசைத் தொங்கவிட்டு, இரண்டு ரைஃபிள்களையும் தனித்தனியாகக் கயிற்றில் கட்டி நிறுத்தார். அவர் எப்போதும் கம்பளியில் சுற்றித் தன் பெட்டியிலேயே வைத்திருந்ததுதான் கனம் அதிகம். சமையலறைப் பரணில் கிடந்தது இலேசு.

"இது பொக்கு. இத அக்காளே வெச்சுக்கட்டும்" என்றார், தாராள மனதோடு.

பரணில் கிடந்த அந்தப் பொக்குக்கு அத்தை மாதாமாதம் எண்ணெய் விடுவார். கூட இருப்பது நான். குழலின் அடிப்பக்கம் நான் வெள்ளைக் காகிதத்தைப் பிடிக்க, அத்தை நுனிப்பக்கம் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு எனக்கும் காட்டுவார். உள்ளே சுருள் சுருளாக வரிகள் மின்னும். உள்ளே துரு விழுந்தால் விலை போச்சு என்பார். சித்தப்பா ஊரில் இல்லாத ஒரு நாள் அவருடைய ரைஃபிளையும் அப்படிப் பார்த்தோம். கம்பளி குடித்த பனியெல்லாம் குழலுக்குள் இறங்கி, சொறி பிடித்த மாதிரி இருந்தது.

எனக்குத் தெரிந்த விஷயத்தைச் சபையில் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடையாது. "சித்தப்பா, அதுக்குள்ள" என்று தொடங்கினேன்.

"கண்ணு, அடுப்புல பால் பொங்குது, ஓடு" என்றார் அத்தை.

ஓடினேன். காலையில் காப்பி போட்ட அடுப்பு அணைந்து ஆறிக் கிடந்தது. அதன் மேல் பூனை படுத்திருந்தது. திரும்பி வருவதற்குள் அத்தை, "தராசே சொல்லிருச்சு, அப்புறம் நான் என்னத்தச் சொல்றது தம்பி" என்று தலையாட்டிவிட்டார். பங்கு முடிந்தது.

கடைக்காரர் வந்து தராசைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்தார். சித்தப்பாவின் ரைஃபிளுக்குள் ஒரு தரம் பார்த்ததோடு சரி. "இது செவுத்துல மாட்டறதுக்குத்தான் ஆகுமுங்க" என்றார். அத்தையுடையதைத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தார். அவர் சொன்ன விலையில் அட்வான்ஸ் போக பாத்திரமும் வாங்கலாம்.

இரண்டையும் மறுபடி ஒன்றாகப் போட்டுப் பிரிப்பதுதான் நியாயம் என்றார் சித்தப்பா. ஒதுங்கியிருந்த அப்பா குறுக்கிட்டார். "தராசு புடிச்சது நீயி. நாங்க யாரும் தொடக்கூட இல்ல."

அத்தை கடைக்காரருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். எனக்கோ ரைஃபிளைவிட அத்தையை நினைத்துத்தான் கவலை. வைக்காத பால் பொங்குகிறது என்கிறாரே, இந்த வயதிலேயே மறதி வந்துவிட்டதா?

மறுநாள் ஞாயிறு. எல்லோருக்கும் முன்னால் எழுந்த அத்தை முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஒரு டம்ளர் நிறைய என்னிடம் நீட்டினார்.

"அத்தை, நேத்து நீங்க என்னைய ஓடச் சொன்னப்ப அடுப்புல பாலே இல்ல. மறந்துட்டீங்க" என்றேன், பக்குவமாக.

"ஆமாங் கண்ணு, நொம்பத்தான் மறந்து போகுது. குடி."

மாதா கோயிலில் இன்று அவருடைய ஞாபகசக்திக்காக ஜெபம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, முழு டம்ளரையும் குடித்தேன்.