ஊற்றுக்கு வழி விட்ட கட்டடம்

வியாழக்கிழமை காலை ஆய்வுகூடத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். ஹட்டனிலிருந்து சாமான் கொண்டுவரும் கடைக்காரர் காசிம் நானா வாசலில் வந்து நின்று, "எஞ்சினியர் ஐயா போயிட்டாருங்க. ராத்திரி நெஞ்சு வலின்னாராம்" என்றார். "சரி" என்றேன். மிச்சமிருந்த கொழுந்தையும் நிறுத்துவிட்டுத்தான் எழுந்தேன். கை பழகிய வேலையைச் செய்தது.

பொறியியலாளர் மரியதாஸை இங்கே வேலை செய்த நம் எல்லோருக்கும் தெரியும். கந்தப்பளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, படித்து வந்து, நம் தேயிலை ஆய்வுகூடத்தை வரைந்து கட்டியவர். முதலில் போட்ட திட்டம் வேறு. மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கி, நீளமாக ஒரே கட்டடம். மனிதர் மழைக்காலம் முழுக்கக் குடையும் கையுமாகச் சரிவிலேயே நின்றார். என்ன பார்க்கிறார் என்று கேட்டேன். "தண்ணி எப்பிடி எறங்குதுன்னு பாக்குறேன். வீடு கட்ட வந்தவன் மொதல்ல வீட்டுக்காரங்ககிட்ட கேக்கணும்ல" என்றார்.

சரிவின் நடுவே ஓர் ஊற்று இருந்தது. கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் குடிப்பதும் குளிப்பதும் அந்த ஊற்றுத் தண்ணீர் தூம்பு வழியாகக் கொட்டும் பீலியில்தான். மலையை வெட்டினால் ஊற்று மண்ணோடு போய்விடும். குழாய் போட்டுக் கொடுக்கலாம் என்றார் ஆய்வுகூடத்தின் தலைவரான வெள்ளைக்காரப் பணிப்பாளர். மரியதாஸ் அவரிடம் ஆங்கிலத்தில் வாதாடிவிட்டு வந்து எங்களிடம் தமிழில் சொன்னார்: "கொழாய் ஒடஞ்சா லயத்து ஆளுங்க யாருகிட்ட போய் நிப்பாங்க? மலைய வெட்டித்தான் ஆகணும்னா வேற ஆளப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டேன்." அப்போது அவர் மனைவி நிறைமாதக்காரி. வேலை போனால் குடியிருந்த வீடும் போகும். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் பெட்டி கட்டியே கிடந்தது. கடைசியில் பணிப்பாளர்தான் இறங்கிவந்தார்.

ஆய்வுகூடம் மூன்று துண்டாகி, ஊற்றுக்கு வழி விட்டுச் சரிவோடு சரிவாக இறங்கியது இப்படித்தான். கண்ணாடிக் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறும்போது நாம் அவரைத் திட்டாத நாள் உண்டா? "உங்க புண்ணியத்துல முட்டி தேஞ்சு போச்சுங்க" என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். "மலையில இருந்துக்கிட்டுப் படி ஏறமாட்டேன்னா எப்பிடிங்க?" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அடக்கம். கீழ் லயமே திரண்டு வந்திருந்தது. பெண்கள் அழுதார்கள். நான் மரமாக நின்றேன். திரும்பி நடக்கும்போது கொழுந்து பறிக்கும் கருப்பாயி என்னை மறித்தாள். "குளிக்காம எங்கங்க போறீங்க? நம்ம பீலி இருக்கே, வாங்க."

இத்தனை வருடம் மேலே குழாய்த் தண்ணீரில் கைகழுவியவன், அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் பீலிக்குக் கீழே தலையைக் கொடுத்தேன். உயிர் போகிற குளிர். அவர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்போதும் அழுகை வரவில்லை. தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது பிடரியில் நின்றுவிட்ட அந்தக் குளிர். ஈரத் தலையோடு அவர் போட்ட படிகளில் ஏறி வந்து, வேலைக்கு உட்கார்ந்தேன்.