டனல் வாயில் நின்ற பூங்கோதை அக்கா

பூங்கோதை அக்காவைப் பற்றி எங்கள் பாக்டரியில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. "அந்த மதராஸிப் பொம்பளை பண்ணிவைத்த வேலை" என்பார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடுவேன். ஏழு வருஷமாக அப்படித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறேன். ஏன் என்பதை இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன்.

அக்கா தூத்துக்குடிக்காரி. புருஷன் மாரியப்பன் கிதிர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகி பெஹாலாவுக்கு வந்தாள். ஊரில் இறால் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்பதால், பைபாஸுக்குக் கிழக்கே எங்கள் பாக்டரி திறந்ததுமே சேர்ந்துவிட்டாள். நான் நாகலக்ஷ்மி. இந்த வங்காளி ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு அலிப்பூரில் மத்திய சர்க்கார் உத்தியோகம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அதே பாக்டரியில் லேப் அசிஸ்டென்ட் ஆனேன். மொத்தக் கம்பெனியிலும் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் "ஏட்டி"தான்.

எங்கள் பாக்டரிக்குச் சோறு போடுவது டனல். நாற்பதடி நீளத்துக்கு ஒரு எஃகுக் கூண்டு. உள்ளே மைனஸ் முப்பத்தெட்டு டிகிரியில் காற்று பேயாக அடிக்கும். உரித்துக் கழுவிய இறால் ஒரு முனையில் பெல்ட்டில் ஏறும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் மறுமுனையில் தனித்தனியாக உறைந்து, தட்டில் கலகலவென்று விழும். அந்த மறுமுனையில்தான் அக்காவின் ராஜ்யம். கேனிங் லோக்கல் ரயிலில் வருகிற இருபது பெண்களுக்கு அவள் சூப்பர்வைசர். விழுகிற சத்தத்தை வைத்தே, "உள்ளே சரியா உறையல, பெல்ட்ட மெதுவா ஓட்டச் சொல்லு" என்பாள். நான் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். படித்த எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

இறால் சில சமயம் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டின சரக்கை வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான். ரப்பர் கையுறையோடு பிரிக்கலாமென்றால் வழுக்கும். அதனால் கையுறையை உருவிப் போட்டுவிட்டு வெறும் நகத்தால்தான் பிரிப்பார்கள். சட்டப்படி அது கூடாது. மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பக்கம் போனால் இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நடப்போம்.

இரண்டாயிரத்தொன்று டிசம்பரில் அவர்கள் கையெல்லாம் பாளம் பாளமாக வெடித்துப் போயிற்று. அக்கா ஒரு நாள் லேப் வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, கண்ணுல போடுவாவல்லா, மாத்திர மாரி சின்னதா இருக்கும், நுனியக் கிள்ளிப் பிதுக்குனா களிம்பு வரும். ஊருல வெட்டுக்காயம் தீக்காயம் எல்லாத்துக்கும் அதத்தான் தடவுவோம். உங்க தெரு முக்குல மருந்துக்கடை இருக்கே, வாங்கிட்டு வாறியா?"

மகராசியாக வாங்கிக் கொடுத்தேன். ஒரு தடவையா? வாரா வாரம், குளிர்காலம் முடிகிற வரைக்கும். பெண்கள் எல்லோரும் தடவினார்கள். "கை ஆறிவிட்டது தீதி" என்று அவர்கள் பாஷையில் அக்கா முறை வைத்து என்னைக் கும்பிடாத குறை. எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

மார்ச் மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. நாங்கள் அனுப்பிய ஒரு கண்டெய்னர் சரக்கில், சாப்பாட்டில் துளிகூட இருக்கக் கூடாத ஒரு மருந்து இருந்ததாம். குளோராம்பெனிகால். மொத்தச் சரக்கும் திரும்பி வருகிறது. காகிதத்தை ஃபைல் பண்ண என்னிடம்தான் கொடுத்தார்கள். கண் களிம்பில் போடுகிற மருந்து அது என்று காலேஜில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் அக்காவின் டிபன் பைக்குள் கையை விட்டு அந்த மருந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதே பெயர். இங்கிலீஷில், பொடி எழுத்தில்தான் போட்டிருந்தது, ஆனாலும் கண்ணிருந்தால் படிக்கலாம். இத்தனை மாதம் வாங்கிக் கொடுத்த மேதாவி ஒரு தடவைகூட அதைப் படிக்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

"அதத் தின்ன யாரும் செத்துட்டாவளா? சின்னப்பிள்ளைய யாரும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. கடைக்கே போகல."

"நெசமாச் சொல்லு ஏட்டி. போலீசு வருமா?"

"நீங்க வாயைத் திறக்காம இருந்தா யாரும் வர மாட்டாங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மிச்சமிருந்த மருந்தையெல்லாம் பெண்களிடமிருந்து வாங்கி, கிள்ளிக் கிள்ளிப் பிதுக்கிச் சாக்கடையில் விட்டேன். அவசரத்தில் பாதி என் துணியிலேயே அப்பிக்கொண்டது.

அதற்குள் மேனேஜர் பழியைப் போட ஆள் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கண்டெய்னரில் இருந்தது முக்கால்வாசி நிமாய் மண்டல் என்பவரின் பண்ணை இறால். இறாலுக்கு நோய் வராமலிருக்க அவர்தான் குளத்தில் மருந்தைக் கொட்டியிருப்பார் என்று முடிவு கட்டி, சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். செய்தி பரவியதும் வேறு கம்பெனிக்காரனும் அவர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குளம் நிறைய விளைந்த இறால், வாங்க ஆளில்லை. தினமும் காலையில் வந்து கேட்டில் நிற்பார். ஷிப்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நான் மருந்தே போடலை, நீங்களாவது சொல்லுங்க" என்பார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டி ஓடுவாள். நான் அவளுக்குப் பின்னால் ஓடுவேன்.

அந்தப் பத்து நாளும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டில் ஜீப் சத்தம் கேட்டால் போலீஸோ என்று ஜன்னலுக்கு ஓடுவேன். ஆபீஸில் போன் அடித்தால் அக்கா கையிலிருக்கிற தட்டைக் கீழே போட்டுவிடுவாள். "அவுகட்டகூடச் சொல்லல ஏட்டி, சொன்னா அவுக நெஞ்சு தாங்காது" என்று புருஷனை நினைத்து அழுவாள். அழட்டும், அழுதுவிட்டுச் சும்மா இருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு என் பயம். கண் மருந்து என்று சொன்னால், யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்பார்கள் அல்லவா? லேபில் வேலை பார்க்கிறவளே வாங்கிக் கொடுத்தாள் என்று தெரிந்தால் இந்த ஊரில் எனக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

பதினோராம் நாள் நிமாய் மண்டல் ஒரு பிளாஸ்டிக் கேனில் தன் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தார். கேட்டுக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, "இதில் விஷம் இருந்தால் நான் சாகிறேன்" என்று சொல்லிவிட்டு மடக் மடக்கென்று குடித்தார். உப்புத் தண்ணீர், சேறு. ஒரு மனுஷன் எவ்வளவு குடிக்க முடியும்? அங்கேயே குப்புற விழுந்து வாந்தி எடுத்தார். காவல்காரர் தூக்கி உட்காரவைத்தார். அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் கை டனலுக்குள்ளிருந்து வந்தது மாதிரி சில்லென்றிருந்தது.

"நான் சொல்லிருதேன் ஏட்டி."

"பைத்தியமா உங்களுக்கு? மேனேஜர் இருபது பெண்களையும் சேர்த்துத் துரத்துவான்."

"பயமாத்தான் கெடக்கு," என்றாள்.

மறுநாள் ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கிற சர்க்கார் அதிகாரி வந்தார். ஒரு வங்காளி அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். டனல் வாயில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கையுறையைக் கழற்றச் சொன்னார். அக்காவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வெடிப்புக்கு என்ன போடுகிறாய்?" என்று கேட்டார்.

அக்காவுக்கு வங்காளி பாஷை தண்ணீர் பட்ட பாடு. மார்க்கெட்டில் மீன்காரனையே வாயடைக்க வைப்பாள். ஆனால் அந்தப் பயத்தில் அவள் வாயில் தமிழ்தான் வந்தது.

"கண்ணுல போடுத களிம்பத்தாம்மா தடவுனோம். அதுதான் றால்ல ஒட்டிருக்கும். அந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல. இந்தப் பொம்பளப் பிள்ளைகளுக்கும் நாந்தான் குடுத்தேன்."

மொத்தக் கூட்டத்திலும் அது புரிந்தவள் நான் ஒருத்திதான். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறாள்?" மேனேஜரும் என்னையே பார்த்தார்.

"குளிரில் வெடித்ததாம். வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவுகிறாளாம்," என்றேன் வங்காளியில்.

அக்கா என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. பிறகு அதிகாரியிடம் வங்காளியில் சொன்னாள். "இல்லை மேடம். இவள் பயத்தில் மாற்றிச் சொல்கிறாள்." முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கையுறையைக் கழற்றியது, களிம்பு, குளிர்காலம் முழுக்கத் தடவியது, எல்லாம். நிமாய் மண்டலின் பெயரை இரண்டு தடவை சொன்னாள். மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்.

"உனக்கு இங்கிலீஷ் படிக்க வருமா?"

"வராது."

"இந்தக் களிம்பை இவ்வளவு யார் வாங்கிக் கொடுத்தது?"

டனலின் இரைச்சல்கூட எனக்குக் கேட்கவில்லை. கடவுளே, கடவுளே என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும் இல்லை மேடம்," என்றாள் அக்கா. "நானேதான் கடையில் கேட்டு வாங்கினேன்."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நிமாய் மண்டலின் குளத்துத் தண்ணீரைச் சோதித்துவிட்டு அவர் சரக்கை மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்குத் திட்டு மட்டும்தான் விழுந்தது. அக்காவை மட்டும் சோதனை நடந்த அன்று மத்தியானமே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் லேப் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் டிபன் பையோடு நின்றுகொண்டிருந்தாள். பெஹாலா பஸ் ஒன்று போயிற்று; ஏறவில்லை. இரண்டாவது போயிற்று. காவல்காரர் மாடியேறி வந்தார். "உங்க தீதி மத்தியானத்திலிருந்து உங்களுக்காக நிற்கிறாங்க. நீங்க ரொம்பப் பயந்து போயிருக்கீங்களாம், தனியா அனுப்பக் கூடாதாம்."

ஜன்னலை விட்டு விலகி நின்றேன். நாகலக்ஷ்மி அப்போதே கிளம்பிப் போய்விட்டாள் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.