லாரிக்கான கயிறு

எங்கள் ஒரகடம் லாரி ஆலையில், பாதி கட்டிய லாரி லைனில் நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் கூடவே நடந்து பிரேக் குழாய்களைப் பொருத்துவோம். தலைக்கு மேலே ஒரு கயிறு. பழுது எதையாவது பார்த்தால் அதை இழுக்க வேண்டும். உடனே ஒரு மெட்டு ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார், சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். ஒரு கிளிப் தளர்ந்திருந்தால்கூட நான் இழுத்துவிடுவேன். கை அரிக்கிறதா என்று கிண்டல் செய்வார்கள்.

அன்று காலை டீ முடிந்து வந்து ஸ்பேனரை எடுத்தேன். மார்புக்கு நடுவே ஏதோ கிழிந்தது. வலி அப்படியே முதுகுக்கு இறங்கியது. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. கேன்டீன் பொங்கலின் வேலைதான் என்று அதைத் திட்டினேன். ஒரு லாரி போனது. இன்னொன்றும் போனது. கயிறு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. ஆனால் அது வண்டிக்கான கயிறாயிற்றே! வாயுத் தொல்லைக்கு லைனை நிறுத்தியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அடுத்த லாரி வந்தபோது கண் இருட்டியது. இழுத்தேன்.

டீம் லீடர் பாய்ந்து வந்து நேராக லாரிக்கு அடியில் குனிந்தார்.

“இன்னாண்ணா, லீக்கா? எந்த பைப்பு?”

“வண்டி நல்லாத்தான் கீதுப்பா. எனக்குத்தான் நெஞ்சு கிழியுது.”

அதன் பிறகும் பைப்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார். பழக்கம், என்ன செய்ய!

ஆலையின் மருத்துவ அறையில் நர்ஸ் மாரடைப்புக்கான மாத்திரையை எடுத்துவிட்டார். டாக்டரம்மா தடுத்தார். இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். ஒரு கைக்கும் மறு கைக்கும் பெரிய வித்தியாசம்.

“இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். இப்போ வெளிச்சுவர்தான் தாங்குது. ரத்தத்தை இளக்குற மாத்திரை கொடுத்தா ஆபத்து” என்றார்.

குழாய் வேலைக்காரனுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டுமா? வெளிச்சுவரும் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பயந்துவிட்டேன். நன்றாகவே பயந்துவிட்டேன்.

கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்ட ஆம்புலன்ஸ், இதய அறுவை சிகிச்சை செய்யும் பெரிய மருத்துவமனையில்தான் நின்றது. ஸ்கேனில் டாக்டரம்மா சொன்னதே தெரிந்தது. நெஞ்சைத் திறந்து, கிழிந்த பகுதியை வெட்டியெடுத்து, செயற்கைத் துணிக்குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். குழாய் பொருத்துபவனுக்கே குழாய் பொருத்தினார்கள். சரிபார்க்க மட்டும் என்னைக் கூப்பிடவில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு டீம் லீடர் பார்க்க வந்தார். அவர் லாரிக்கு அடியில் தேடிய கதையைச் சொல்லிச் சிரித்தோம். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அந்தச் சுகத்தில், முதலில் இரண்டு லாரிகளைப் போகவிட்டதையும் உளறிவிட்டேன். கட்டிலருகே நின்றிருந்த என் மனைவி சிரிக்கவில்லை.

“கிளிப்பு லூஸா கீதுன்னா ஒடனே இழுப்பியாமே. நீ போயிருந்தா, அந்த ரெண்டு லாரிய வச்சிக்கினு நான் இன்னாய்யா பண்ணுவேன்?”

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. படுத்தபடி கைக்கு எட்டியது அவள் முந்தானைதான். அதைப் பிடித்து இழுத்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.