அலுமாரிக் கதவில் ஒரு வெட்டு

தெஹிவளையில் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்துத் தகர விளக்குக்கூடுகள் செய்கிறேன். கைக்கத்தரியால் வெட்டி மணிக்கட்டு நோகத் தொடங்கியதால், மெஷின் ஒன்று வாங்கக் கடைக்குப் போனேன்.

“மிஸ், கிரைண்டர் எண்டா எல்லாத்தையும் வெட்டும். இந்தக் கரண்ட் கத்தரி தகரத்துக்கு மட்டும்தான். ஆனா சத்தம் குறைவு,” என்ற கடைக்காரர், கிரைண்டரைப் போட்டு ஒரு தகரத் துண்டில் வைத்தார்.

இரும்பு கருகும் மணம் எழுந்தது. நான் வெள்ளவத்தை வீட்டில், சின்னப் பிள்ளையாக நின்றேன்.

ரியூஷன் வகுப்புக்குப் போன அண்ணா திரும்பி வரவேயில்லை. அவருடைய இரும்பு அலுமாரியைப் பூட்டும் ஒரே திறப்பும் அவருடனேயே போய்விட்டது. உள்ளே ஏதாவது துப்புக் கிடைக்கும் என்று அப்பா பல மாதங்களுக்குப் பிறகு கிரைண்டர்காரரைக் கூட்டி வந்தார். கதவில் பொறி பறந்ததும் குசினியிலிருந்து ஓடி வந்த அம்மா குறுக்கே கையை வைத்தார்.

“வெட்டாதீங்கோ! திறப்பு பிள்ளையிட்ட இருக்கு. அவன் வந்து திறப்பான்.”

அப்பா கிரைண்டர்காரரை அனுப்பிவிட்டார். கதவில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு மட்டும் விழுந்திருந்தது. அதன் வழியே அண்ணாவின் சட்டை மணம் வந்தது. மாலையில் சாமிக்கு விளக்கேற்றியதும் அம்மா அங்கே முகத்தை வைத்து நிற்பார். அவர் போன பிறகு நானும் மூக்கை வைப்பேன். நாளடைவில் துரு மணம் மட்டுமே வந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் என்னிடம் சொல்லவில்லை.

“எதைத் தரட்டும் மிஸ்?”

“சத்தம் குறைஞ்சதைத் தாங்கோ,” என்றேன். “வீட்டில அம்மா இருக்கிறா.”