தண்டலுக்குச் சொல்லியாச்சா

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அச்சாபீஸ் இருக்கிறது. அங்கிருந்து நாலு பக்கத்தில் ஒரு மாலைப் பத்திரிகை வருகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அதை மடித்துக் கட்டுவது என் வேலை. ஐந்தாம் வகுப்பு படித்த படிப்புக்கு, மடிக்கும்போதே வாசித்துவிடுவேன். மரண அறிவிப்பைத்தான் முதலில் பார்ப்பேன்.

அதற்குப் படம் வாங்கி வருவதும் நான்தான். மாதா கோவிலில் துக்க மணி அடித்தால், எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு போய் வாசலில் நிற்பேன். யாராவது கூப்பிட்டு, படத்தைக் கொடுத்து, அடக்கம் எத்தனை மணிக்கு என்று சொல்லுவார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு அதிகம் பேச வராது. துக்க வீட்டில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

ஏரலுக்கும் கீழவைப்பாருக்கும் பஸ்ஸில் போன கட்டுகள் வர வர மெலிந்தன. "எல்லாச் சேதியும் போன்ல வந்துருது. நம்மகிட்ட என்ன இருக்கு?" என்பார் முதலாளி அண்ணாச்சி. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த அவர் மகள் விடவில்லை. "நம்ம ஊருச் சேதி இருக்குல்லாப்பா. அத எவன் போடுவான்?" என்று, பத்திரிகையைப் போனிலும் அனுப்பத் தொடங்கினாள். ஏலத்தில் சீலா மீன் என்ன விலை, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, யார் தவறிவிட்டார்கள், எல்லாம் கிடைத்த உடனே போனில் போகும். சாயங்காலம் தாளில் வரும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள்கூடச் சேர்ந்தார்கள். ஆபீஸில் திரும்பவும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த வயதானவள் ஒருத்தி ஒருநாள் விடியற்காலையில் இறந்துபோனாள். அவள் மகன் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிற தோணியில் இருந்தான். மருமகள் அழுதுகொண்டே படம் எடுத்துக் கொடுத்தாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் அது போனில் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. தோணியில் போனவனின் வீட்டில் சாவு என்றால் நேரே அவனுக்குச் சொல்லமாட்டார்கள். தோணியை நடத்துகிற தண்டலுக்குத்தான் முதலில் சொல்லுவார்கள். தண்டல் அவனைச் சாப்பிட வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவார். எனக்குத் தெரியாத முறையா? ஆனால் எங்கள் பத்திரிகை ஒருநாளும் தண்டலை முந்தினதில்லை. சாயங்காலம் தாள் வருவதற்குள் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லியாகியிருக்கும். போன் சாயங்காலத்துக்குக் காத்திருக்காது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அந்த மகன் மாலத்தீவில் வெங்காய மூட்டை இறக்கிவிட்டு, தண்ணீர் குடிக்க உட்கார்ந்த இடத்தில் போனைப் பார்த்திருக்கிறான். அம்மாவின் படம். பக்கத்தில் யாரும் இல்லை.

மறுநாள் அந்த வீட்டில் பத்திரிகை வேண்டாம் என்றார்கள். ஒரு வாரத்தில் தெருவே வேண்டாம் என்றது. "இன்னும் ரெண்டு தெரு போனா அச்ச நிறுத்திர வேண்டியதான்" என்றார் அண்ணாச்சி.

"நான்தான அவசரப்பட்டுப் போட்டேன், அத்த" என்று என்னிடம் சொன்னாள் மகள்.

"படம் கொண்டாந்தது நான்லாம்மா" என்றேன். அதற்குப் பிறகு, அந்த வீட்டைத் தாண்டாமல் பின் சந்து வழியாகத்தான் கோவிலுக்குப் போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு மகன் வந்தான். பூசை முடிந்து நேரே ஆபீஸுக்கே வந்துவிட்டான். நான் தாள் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"எங்கம்மா படம் வந்த பேப்பர் இருக்கா?"

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "தம்பி, நாங்க செஞ்சது..."

"போன்ல வந்தத அன்னைக்கே அழிச்சிட்டேன், அண்ணாச்சி. அதப் பாக்க முடியல. தாளுல வந்தது ஒண்ணு வேணும். என் பெட்டியில வைக்க."

என் துணிப்பையில் ஒன்று தனியாக மடித்து வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எடுத்துக் கொடுத்தேன். விரித்து நிறைய நேரம் பார்த்தான்.

"என் கல்யாணத்துல எடுத்த படம்லா இது. நீங்களா வாங்கிட்டு வந்திய?"

"ஆமய்யா. தப்பு எங்கிட்டதான். வீட்ல எல்லாருக்கும் சொல்லியாச்சா, தண்டலுக்குச் சொல்லியாச்சான்னு கேக்காம இனிமே ஒரு படமும் இங்கயிருந்து போவாது. நான் போவ விடமாட்டேன்."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இருவது வருஷத்துல இம்புட்டுப் பேச்சு இன்னைக்குத்தான் கேக்கேன், யக்கா."

அவனும் சிரித்துவிட்டான். கண் மட்டும் சிரிக்கவில்லை. "கேளுங்க. அது போதும்" என்று தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து நான் தலையாட்டினால்தான் மரணச் சேதி போனில் போகும். தொடக்கத்தில் அண்ணாச்சி மகள் தவித்துப்போவாள். "மத்த குரூப்புல எல்லாம் வந்துட்டு, அத்த!" என்பாள். வரட்டும் என்பேன். அப்படி ஒரு குரூப்பில் எவனோ உயிரோடு இருக்கிற ஆளையே செத்துப்போனார் என்று போட்டுவிட்டான். அந்த மனுஷர் சந்தையில் நின்று மீன் வாங்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஊரில் ஒரு பேச்சு வந்தது. "அவுங்க போட்டுட்டாங்களா? அப்ப எல்லாருக்கும் சொல்லியாச்சு, அனுப்பலாம்" என்று. தெருவில் ஒவ்வொரு வீடாகத் திரும்பவும் பத்திரிகை கேட்டார்கள். அந்த ஒரு வீடு மட்டும் கேட்கவில்லை.

போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலையில் காலமானார். மகன் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தான். படகு திரும்ப ராத்திரி ஆகும். படம் என் கையில் இருந்தும் நான் தலையாட்டவில்லை. போனிலும் போடவில்லை, தாளிலும் வரவில்லை. அந்த இடத்தில் மின்தடை அறிவிப்பைப் பெரிதாகப் போட்டார்கள்.

சாயங்காலம் எங்கள் தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தேன். அன்று அழுதுகொண்டே படம் எடுத்துக் கொடுத்த மருமகள் வாசலில் நின்றாள். நானும் நின்றேன்.

"அந்தப் பெரியவரு சேதி ஒங்க போன்ல வரலையே, அக்கா?"

"மவன் கடல்ல இருக்கான்."

அவள் படியிறங்கி என் பக்கத்தில் வந்தாள். "நாளைக்கு வரும்லா? அப்ப எங்க வீட்டுக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க."

மறுநாள் அந்தத் தாளைப் பேப்பர் போடுகிற பையனிடம் கொடுத்துவிடவில்லை. நாலாக மடித்து, நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.