முதலாளிமார் ராசியான கதை

அக்கா வீட்டில ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எண்டால் அத்தான்தான் கதைப்பார், நாங்கள் தின்னுவம். அவர் ஒரு சின்னக் கொம்பனிக்கு பஸ் ஓட்டினவர். மலையடிக் கிராமங்களை ரயில் ஸ்டேஷனோடை சேர்க்கிற லைன். நான் கன்ரோன் எண்டுற மாநில அரசின்ரை போக்குவரத்துக் கந்தோரில சட்ட வேலை பாக்கிறனான். எந்த லைனை எந்தக் கொம்பனி ஓட்டுறது எண்டு டெண்டர் போடுறது எங்கடை பகுதிதான்; குறைச்சுக் கேக்கிறவைக்கு லைன். வீட்டில இதை ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை, நானும்தான்.

அண்டைக்கு அத்தான் நல்ல சந்தோசத்தில இருந்தார். அதுக்கு முதல் கொஞ்ச நாளா அந்தாளுக்கு நித்திரையே இல்லை. புது டெண்டரில பக்கத்து ஊர்க் கொம்பனி குறைச்சுக் கேட்டால் தன்ரை வேலை போயிடும் எண்டு பயம். அம்பது தாண்டின ஆளை இனி ஆர் எடுக்கப்போறான்?

"இனிப் பயமில்லைப் பிள்ளை," எண்டார், என்ரை சோத்துக் கோப்பையில இன்னொரு துண்டு மீனைப் போட்டுக்கொண்டு. "ரெண்டு முதலாளிமாரும் இருந்து கதைச்சு ராசியாகிட்டினம். எங்கடை லைனுக்கு அவை கூட்டிக் கேப்பினம், அவையின்ரை லைனுக்கு நாங்கள் கூட்டிக் கேப்பம். அவரவர் லைன் அவரவருக்கு."

நான் மீனை ஒரு ஓரமாத் தள்ளி வைச்சன். ரெண்டு கொம்பனியும் பஸ் நேரத்தைப் பேசி ஒத்து வைக்கலாம், ஒரே டிக்கெட் அடிக்கலாம், அதை நாங்களே கேக்கிறனாங்கள். ஆனால் டெண்டரில ஆர் எவ்வளவு கேக்கிறது எண்டு முன்னமே பேசி வைச்சால் போட்டிச் சட்டத்தின்படி அது சுத்தக் குற்றம். மனுசன் அதைக் கலியாணம் பொருந்தின மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாயைப் பொத்திக்கொண்டு இருக்கத்தான் பாத்தன். பிறகு ரெண்டு கொம்பனியின்ரை விலையும் என்ரை மேசைக்கே வந்துது, அத்தான் சொன்ன மாதிரியே அச்சொட்டா. அதுக்கு மேல பேசாமல் விட எனக்கு ஏலாமல் போச்சு. கந்தோரில பெரியவரிட்டைச் சொன்னன். ஆர் சொன்னது எண்டு சொல்லேல்லை, விலையைப் பாத்தால் சந்தேகமாக் கிடக்கு எண்டு மட்டும்.

விசாரணை வந்துது. டெண்டரைத் திரும்பப் போட்டம். வெளியில இருந்து வந்த பெரிய கொம்பனி ஒண்டு ரெண்டு லைனையும் எடுத்துது. பழைய ட்ரைவர்மாரில இளம் ஆக்களைக் கூப்பிட்டினம், அத்தானைக் கூப்பிடேல்லை. இப்ப அவர் லுசேர்ணில ஒரு ஹோட்டல் குசினியில கோப்பை கழுவுறார், முழங்கால் வீக்கத்தோடை. நான் செய்தது சரிதான். சரியெண்டு நினைக்க நினைக்க எனக்கு என்னிலயே வெறுப்பா வருது.

போன மாசம் அத்தான் என்ரை வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடுத்தன். முதலாளிமார் ராசியான கதையை, அக்காவை விட்டால், அவர் ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் சொன்னவராம். ஒண்டு நான். மற்றது, அதே லைனில அவரோடை மாறி மாறி ஓடின சிநேகிதன். பேர்ண் கோயில் திருவிழாவுக்கு வருசா வருசம் ரெண்டு பேரும் சேந்துதான் போவினம்.

"அவன்தான் காட்டிக் குடுத்தவன்," எண்டார். "இந்தமுறை திருவிழாவுக்கும் நான் போகேல்லை. போன் எடுத்து அழுறான். நான் வைச்சிட்டன்."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி வாத்தன்.

"நீ சட்டம் படிச்ச பிள்ளை, சொல்லு பாப்பம். அவனாத்தானே இருக்கும்?"

என்னைச் சந்தேகப்படலாம் எண்ட யோசனையே அந்தாளுக்கு வரேல்லை. முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார், நான் சொல்லுறதுதான் முடிவு எண்ட மாதிரி.

"இருக்கும் அத்தான்," எண்டன்.